பொறுக்கிப் பழகிய கை

ஓர் உடம்பில் சிக்கனமான சிறுநீரகம் ஒன்று இருந்தது. கழிவுநீரோடு ஒரு துணுக்கு சர்க்கரை போனாலும் விடாது. கை நீட்டிப் பொறுக்கி, ரத்தத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். பட்டினிக் காலத்தில் பழகிய கை அது.

இப்போதோ ரத்தம் பாகாய்க் கிடந்தது. கண் மங்கியது, கால்விரல் மரத்துப்போனது. சிறுநீரகத்துக்கே பாரம் தாங்கவில்லை. தான் சரியாகப் பொறுக்காததுதான் குறை என்று நினைத்து, பாவம், இன்னும் வேகமாகப் பொறுக்கியது.

ஒரு நாள் காலையில் ஒரு மாத்திரை வந்து அதன் கையைப் பிடித்துக்கொண்டது.

"விடுப்பா. நல்ல சர்க்கரை வீணாப் போகுது" என்றது சிறுநீரகம்.

"போகட்டும்ணே. உள்ள இருக்கறவங்க கொஞ்சம் மூச்சு விடட்டும்."

சர்க்கரை நீரோடு போவதைப் பார்க்கப் பார்க்கச் சிறுநீரகத்துக்கு மனசு அடித்துக்கொண்டது. ஆனால் நாள் போகப் போகப் பாரம் குறைந்தது. தினமும் ஒரு மாத்திரை வந்து கையைப் பிடித்தது, மெல்லக் கரைந்து போனது.

கரையப்போன ஒன்றிடம் சிறுநீரகம் சொன்னது: "எனக்குப் புரிஞ்சுபோச்சு. இனிமே நானே விட்டுடுவேன். நாளைக்கு யாரும் வர வேண்டாம்."

"சரிண்ணே. கையில என்ன?" என்றது மாத்திரை.

சிறுநீரகம் குனிந்து பார்த்தது. பேசிக்கொண்டே ஒரு துணுக்கைப் பொறுக்கியிருந்தது.