லாசரோவின் பிழை

"எல்லாரும் மன்னிக்கோணும். இந்த முறையும் நான்தான் பிழை."

பியானோவிலிருந்து கையை எடுத்துவிட்டு குழுத் தலைவர் லாசரோ தலையைச் சொறிந்தார். கியூபன் ஜாஸ் குழு முழுவதும் அதே பாட்டில் மறுபடியும் நின்றுபோனது.

டிலக்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒவ்வொரு தடவையும் அதே இடம். அவளுடைய ட்ரொம்போன் தனியே புறப்படுகிற இடம். அவள் ஊதத் தொடங்கியதும் தொடங்காததுமாக மனிசன் கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்திவிடுகிறார்.

டிலக்சி ஒஸ்லோவில் பிறந்தவள். பள்ளிக்கூட வாத்திய அணியில் ஊதப் பழகி, இருபது வயதில் இந்தப் பெரிய குழுவுக்கு வந்திருந்தாள். இது அவளுடைய முதல் சீடி.

அதைவிடப் பெரிய விசயம், ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒலிப்பதிவு அறையில், அப்பா இருந்தார்.

யோகலிங்கம் மகளின் வாசிப்பைக் கேட்க வந்தது இதுதான் முதல் தடவை. "உதெல்லாம் ஒரு படிப்பே? பார்மசி படிக்கலாமெல்லே?" என்று வீட்டில் ஓயாமல் சொல்கிறவர். இன்றைக்குத்தான், "சரி, என்னதான் செய்யிறியள் எண்டு வந்து பாக்கிறன்" என்று தானே காரில் கூட்டி வந்திருந்தார்.

வந்த நாளில் பார்த்தா இந்த மனிசன் இப்படிச் சொதப்ப வேண்டும்?

"லாசரோவுக்கு இண்டைக்கு என்ன நடந்தது?" பக்கத்தில் ட்ரொம்போனோடு இருந்த ஸ்வைனிடம் கிசுகிசுத்தாள்.

"வயசு போகுதெல்லே" என்றார் ஸ்வைன், அவளைப் பார்க்காமலே.

லாசரோ மைக்கில் குனிந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டார். "இங்கேர், மரக்குச்சித் தாளம் எனக்குக் காதிலை விழேல்லை. கொஞ்சம் கூட்டி விடு. எனக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும் கூட்டி விடு."

கியூபன் இசைக்கு அந்த இரண்டு குச்சிகளின் தட்டுத்தான் அத்திவாரம். ஹெட்போனில் இப்போது அது கணீரென்று விழுந்தது.

மறுபடி தொடங்கினார்கள்.

இந்த முறை லாசரோ நிறுத்தவில்லை. டிலக்சியின் ட்ரொம்போன் எழும்பியது, சிரித்தது, கொஞ்சம் அழுதது, கடைசியில் மொத்தக் குழுவையும் இழுத்துக்கொண்டு ஓடியது. முடிந்ததும் கண்ணாடிக்கு அப்பால் அப்பா எழுந்து நின்று கைதட்டினார். சத்தம் கேட்கவில்லை.

அவள் ஒலிப்பதிவு அறைக்கு ஓடினாள்.

"எனக்கு உந்த இசை விளங்காது, பிள்ளை" என்றார் யோகலிங்கம். "ஆனா நீ ஊதேக்குள்ளை மேலெல்லாம் சிலிர்த்துப் போச்சு."

"அந்தாள் பிழைவிடாட்டி எப்பவோ முடிஞ்சிருக்கும் அப்பா."

"அதைத்தான் நானும் பாத்தனான். அவ்வளவு பெரிய மனிசன் தடுமாறியும் நீ தளம்பேல்லை. இனி நான் பார்மசிக் கதை எடுக்கமாட்டன். வா, காரை வாசலுக்குக் கொண்டு வாறன்."

அப்பா போனதும் டிலக்சி ஒலிப்பதிவு செய்த இங்கேரிடம் திரும்பினாள்.

"லாசரோ விட்ட பிழையளை ஒருக்காப் போடு. கேட்டுச் சிரிப்பம்."

"வேண்டாம், விடு."

"சும்மா போடு. பியானோவை மட்டும்."

இங்கேர் தயங்கித் தயங்கிப் போட்டாள். பியானோ தண்ணீர் மாதிரி ஓடியது. அடுத்த தடவையும் அப்படியே. அதற்கடுத்ததும். ஒரு விரல்கூட வழுக்கவில்லை.

"அப்ப ஏன் நிப்பாட்டினவர்?"

இங்கேர் பியானோவைக் குறைத்துவிட்டு, தாளத்தையும் இன்னொரு வாத்தியத்தையும் உயர்த்தினாள்.

குச்சித் தட்டு விழுமுன்னமே முந்திக்கொண்டு பாய்ந்தது ஒரு ட்ரொம்போன். லாசரோ நிறுத்திய எல்லாத் தடவையும்.

டிலக்சியின் காது மடல் சுட்டது. "ஸ்வைனுக்கு... மற்ற ஆக்களுக்கு... தெரியுமே?"

இங்கேர் மெல்லத் தலையாட்டினாள்.

கதவு திறந்தது. ஜாக்கெட்டைப் போட்டபடி லாசரோ எட்டிப் பார்த்தார். டிலக்சி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் விடவில்லை.

"நாளைக்கும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா, டிலக்சி. நாளைக்கு நான் பிழைவிடமாட்டன்."