ஒரு கை குறைந்தது

நூல் மில்லுக்கு அரசு உதவி தரும் தீர்மானம் சட்டசபையில் ஒரே ஓட்டில் தோற்றது. அடுத்த நிமிடமே மில் முதலாளியம்மா, எதிர்த்து ஓட்டுப் போட்ட உறுப்பினர் ஒருவரின் அறைக்குள் புயலாக நுழைந்தார்.

"நீங்க கை தூக்கியிருந்தா ஜெயிச்சிருக்கும்! இப்ப இருநூறு பேர் நடுத்தெருவுல நிக்கப்போறாங்க!"

"நஷ்டத்துல ஓடுற மில்லுக்கு டீக்கடைக்காரர் கட்டுற வரியை வாரி இறைக்கணுமா?" உறுப்பினர் மேசையைக் குத்தினார். "யாரா இருந்தாலும் இதான் என் பேச்சு. அவங்கவங்க பாட்டை அவங்கவங்க பாத்துக்கணும்!"

கையிலிருந்த ஃபைலை அவர் முன்னால் விட்டெறிந்துவிட்டு முதலாளியம்மா வெளியேறினார். அப்பாடா என்று உறுப்பினர் சாய்வதற்குள் கதவு மறுபடி திறந்தது; முதலாளியம்மாதான்.

"வீட்டுச் சாவியைக் குடுங்க."

உறுப்பினர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "ராத்திரிச் சாப்பாடு...?" என்று இழுத்தார்.

"அவங்கவங்க பாட்டை அவங்கவங்க பாத்துக்கணும்!" என்று கதவை அறைந்து சாத்தினார், அவர் மனைவி.