சிங்கமும் கொக்கும்

மெக்சிகோ நகரத்து மாளிகையில் அன்று சாக்லேட் பருக உட்கார்ந்தவர்கள் நான்கு பேர். மேசையின் தலைமாட்டில் லியோகாதியா, புது மனைவி. அவளுக்கு வலப்பக்கம் பாதிரியார். ஜன்னலோரம், எழுதும் மேசையில், முதுகைக் காட்டியபடி அவள் கணவர் எவாரிஸ்தோ பிரபு. அவர் தோளுக்குப் பின்னால், வேலைக்காரர்களின் முக்காலியில், கித்தேரியா. போன வருஷம் திடீரென்று செத்துப்போன மூத்த தாரத்தின் தங்கை. அக்காவின் வருஷப் பூசைக்கு வந்தவள்.

முக்காலியை அங்கே போடச் சொன்னதே லியோகாதியாதான்.

கித்தேரியாவுக்கு மண் தட்டு. மற்றவர்களுக்குச் சீனாவிலிருந்து வந்த புதுப் பீங்கான். ஒவ்வொரு தட்டின் நடுவிலும் ஒரு கேடயம்: பாதியில் பிரபுவின் குலச்சின்னமான சிங்கம், மறுபாதியில் லியோகாதியாவின் பிறந்த வீட்டுக் கொக்கு.

“வருஷம் ஒண்ணாச்சு, இன்னும் என்ன கறுப்பு? அழுக்குத் தெரியாதுன்னா?” என்று கித்தேரியாவின் உடையைப் பார்த்துக் கேட்டாள் லியோகாதியா.

“உன் கல்யாணத்துக்கும் இதைத்தான் போட்டுட்டு வந்தேன். பொருத்தமா இருந்துச்சு.”

பாதிரியார் இருமிக்கொண்டே இன்னொரு ரொட்டியை எடுத்தார்.

“தட்டை அப்படி முறைக்காதீங்க, கீறல் விழுந்துடும். சந்தையில வாங்கினதுன்னு நெனச்சீங்களா? இங்கே படம் வரைஞ்சு கப்பல்ல மணிலாவுக்கு அனுப்பணும், அங்கேருந்து சீனா. தீட்டி, சுட்டு, இங்கே வந்து எறங்க மூணு வருஷம்!” என்றாள் லியோகாதியா.

“மூணு வருஷமா?”

“வேணும்னா அவரையே கேளுங்க.”

பிரபு திரும்பவில்லை. கப்பல் புறப்படும் பருவம். தபால்காரன் கோவேறு கழுதையோடு வாசலில் காத்திருந்தான். ஒரு படத்தைக் கடிதத்துக்குள் மடித்து, அரக்கை உருக்கி ஊற்றி, மோதிரத்தை அழுத்தினார்.

“அடுத்த செட்டு,” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

லியோகாதியாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

“கேட்டீங்களா? இன்னொரு செட்டு! பின்னாடியே உக்காந்திருந்தீங்களே, படத்தைப் பாத்திருப்பீங்க. என் கொக்கு எப்படி வந்திருக்கு?”

“கொக்கு இல்ல. சிங்கத்துக்குப் பக்கத்துல மூணு கோபுரம்.”

“கோபுரமா? அது யார் வீட்டுச் சின்னம்?”

வாசலில் கிளம்பிய குளம்புச் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. கித்தேரியா எழுந்து வந்து, லியோகாதியாவின் தட்டிலிருந்த கொக்கை விரலால் தொட்டாள். அவள் குரலில் இப்போது பகை இல்லை.

“இந்தக் கொக்குப் படம் கப்பல் ஏறினப்போ எங்க அக்கா உசிரோட இருந்தா, பொண்ணே. உனக்கு மிஞ்சிப்போனா மூணு வருஷம்.”