பதவியேற்புக் கோட்டு

அந்த நாட்டில் அதிபர்கள் எல்லோரும் ஒரே கோட்டை அணிந்துதான் பதவியேற்பார்கள். இம்முறை தளபதி அதைத் துவைத்த ஈரத்தோடு கொண்டுவந்து தையல்காரர் சவரியப்பனிடம் கொடுத்தார். இடது மார்பில் விரல் நுழையுமளவு ஓர் ஓட்டை. சவரியப்பன் எதுவும் கேட்காமல் அதை இழையோட்டி அடைத்தார். புதிய அதிபர் ஒல்லி என்பதால் பக்கங்களைப் பிடித்துத் தைத்தார்.

போட்டுப் பார்த்த அதிபர் விலாவைத் தடவினார். "உள்ள எதுக்குய்யா இவ்வளவு துணி? வெட்டி எறிய வேண்டியதுதானே?"

"வெட்டக் கூடாதுங்க ஐயா. அடுத்து வர்றவரு பருமனா இருந்தா பிரிச்சு விடணுமில்லீங்களா?" தொழில் பழக்கத்தில் சொல்லிவிட்டு சவரியப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அதிபரின் கை இழையோட்டிய இடத்துக்குப் போனது. கதவருகே நின்றிருந்த தளபதியின் தொந்தியை அவர் அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தார்.