ஒற்றை நட்சத்திரம்

"இந்த ஒண்ணுதான் நம்ம இமேஜைக் கெடுக்குது மேடம்" என்று செல்போனை நீட்டினான், பிலோமினா மெஸ்ஸை இணையத்தில் பிரபலமாக்க வந்த திலீபன். ஒற்றை நட்சத்திரத்துக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: 'குப்பை அள்ளுபவர்களோடு ஒரே மேசையில் உட்கார வைத்தார்கள்.' மன்னிப்புக் கேட்கும் பதிலையும் திலீபனே எழுதி வைத்திருந்தான். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

பிலோமினா இரண்டு முறை படித்தாள். "இதுல என்னப்பா பொய் இருக்கு?"

மறுநாள் மெஸ் வாசலில் ஏணி நின்றது. பெயர்ப் பலகைக்குக் கீழே, அந்த வரியை எழுத்துப் பிசகாமல் சிவப்பில் எழுதி முடித்த பெயின்டர் கீழே குனிந்து கேட்டார்: "ஸ்டார் எத்தனை போடணும்க்கா?"

"ஒண்ணுதானே குடுத்திருக்கான்? ஒண்ணே போடுங்க. பஸ்ஸுல போறவனுக்கும் தெரியணும்."