ஆறாம் கூட்டின் சர்க்கரை

2026 மே 14, வியாழன். வவுனியா.

ஆய்வுகூட உதவியாளர் பயிற்சியின் மாலை வகுப்பில் இன்று ஒரு பிழை விட்டேன். ஐந்து எலிகளுக்கு ஆறு சர்க்கரை அளவுகள் எழுதிவிட்டேன். மோர்பின் ஊசி எலிகளின் இரத்தச் சர்க்கரையை ஏற்றும். நலோக்சோன் அதைத் தடுத்து இறக்கும். ஐந்து கூடுகளிலும் இறங்கியிருந்தது. ஆறாவதில் மட்டும் இறங்காமல் 312.

“ஆறாவது திங்கள் செத்திட்டுதெல்லே, கிருசாந்தி? ஆரின்ர ரத்தத்தை எடுத்தனீர்?” என்று சுரேகா மிஸ் சிரித்தார். “கொப்பியில வெட்டினால் சேர்ட்டிபிக்கற் கிடைக்காது, தெரியும்தானே.”

சர்க்கரை பார்க்கும் கருவியில் பதிவான அளவுகளைத் தேடினோம். மாலை 5.40க்கு 312 இருந்தது. மிஸ் வெறுமையாயிருந்த ஆறாம் கூட்டைப் பார்த்தார். செவ்வாய் கழுவி நிரப்பிவைத்த தண்ணீர்ப் போத்தல் பாதியாகியிருந்தது.

“இதுக்கு மோர்பின் மட்டும்தான் போட்டனாங்கள். நலோக்சோன் போட முதலே செத்திட்டுது,” என்றார் மெதுவாக.

நான் எதையும் வெட்டவில்லை. நாளை ஆறு ஊசிகளில் நலோக்சோன் எடுத்துவைக்க வேண்டும்.