உப்பு டப்பா

லாமர் கழிவறைக் கூண்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்ட சத்தம் கேட்டதும், டெல்பர்ட் வேலையை ஆரம்பித்தான்.

முப்பதாவது மைல் நிறுத்தத்தில், மடக்கு நாற்காலியில் இரண்டு டப்பாக்கள் கிடந்தன. ஒரே அளவு, ஒரே வெள்ளை. நாற்பத்தொன்று டெல்பர்ட்டுடையது, நாற்பத்திரண்டு லாமருடையது. எண் ஒட்டியிருந்தது மூடியில் மட்டும்தான்.

மூடிகளைக் கழற்றி மாற்றிப் போட்டான். பத்து நொடிகூட ஆகவில்லை.

அமெரிக்காவில், யூட்டாவின் செம்பாறைப் பள்ளத்தாக்கில் ஐம்பது மைல் ஓட்டம். பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த பெண் காலையிலேயே எல்லோருக்கும் டப்பா கொடுத்திருந்தாள். பாதிப் பேருக்குக் கால் பிடித்துக்கொள்ளாமல் இருக்க உப்பு மாத்திரை, மீதிப் பேருக்கு வெறும் மாவு அடைத்தது. யாருக்கு எது என்று அவளுக்கே தெரியாது. மணிக்கு ஒன்று விழுங்க வேண்டும்.

டெல்பர்ட்டுக்குச் சந்தேகமே இல்லை. முப்பது மைல் ஓடியும் லாமர் சீட்டியடித்துக்கொண்டு வருகிறான். தனக்கோ இப்போதே கெண்டைக்கால் சுண்டி இழுக்கிறது. அப்படியானால் உப்பு அவனிடம்தான்.

மூன்று வருடமாக நாற்பதாவது மைலில் கால் பிடித்துக்கொண்டு, வண்டியில் ஏற்றித்தான் டெல்பர்ட்டைக் கொண்டுவந்தார்கள். முழங்கால் தேய்ந்துவிட்டது, இதுவே கடைசி என்று டாக்டர் சொல்லிவிட்டார். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடித்தால் பரிசாகக் கொடுக்கும் பெல்ட் பக்கிள் லாமரிடம் ஐந்து இருக்கிறது. ஆறாவது அவனுக்கு எதற்கு?

கதவு திறந்தது.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

"வெயில்டா."

"மாத்திரை போட்டியா?"

"போட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

"மறக்காம போடு. கால் பிடிச்சுக்கிட்டா மறுபடி உன்னைத் தூக்க என்னால ஆகாது," என்று டெல்பர்ட்டின் முதுகில் லாமர் ஒரு தட்டு தட்டினான்.

கைமாறிய டப்பாவிலிருந்து ஒன்றை விழுங்கியதும் டெல்பர்ட்டுக்கு உடம்பே வேறாகிவிட்டது. நாற்பதாவது மைல் வந்தது, போனது. கால் கப்சிப்.

நாற்பத்து நான்கில் "ஐயோ" என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தான். லாமர் பாறையில் சாய்ந்து கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"போடா! நிக்காத! நேரம் போவுது!"

டெல்பர்ட் போனான். நிற்கவில்லை.

ஒன்பது நிமிடம் மிச்சம் வைத்து முடித்தான். பக்கிளைக் கையில் வைத்தார்கள், கை தட்டினார்கள். அவனால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. அரைமணி நேரம் கழித்து லாமர் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். இருபது வருட நட்பு போனாலும் போகட்டும்.

"லாமர், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இரு, மொதல்ல நான் சொல்லிடறேன். காலையிலேருந்து உறுத்துது. அந்தப் பொண்ணோட ஆராய்ச்சியைக் கெடுத்துட்டேன்டா."

"நீயா?"

"ரெண்டு டப்பாவுலயும் ஒண்ணொண்ணு கடிச்சுப் பாத்தேன். என்னோடது உப்பு, உன்னோடது மாவு. இந்த வருஷமும் நீ வண்டியில வந்தா தாங்கமாட்டேன்னு தோணிச்சு. நீ ஷூ மாட்டிக்கிட்டிருந்தப்ப மூடியை மாத்தி வச்சுட்டேன்."

லாமர் கொடுத்த உப்பை லாமரிடமே தள்ளிவிட்டு, மாவைத் திருடிக்கொண்டு ஓடியிருக்கிறான் டெல்பர்ட்.

லாமர் பக்கிளை வாங்கி, தன்னுடையதைப் போலத் துடைத்துப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது.

"பாத்தியா, உப்பு உன்னைக் கரை சேத்துடுச்சு! சரி, நீ என்னமோ சொல்ல வந்தியே?"